கேட்டுப் போனதா, சொல்லிப் போனதா

கரும்பு ஆலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், அக்கா ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், இரண்டு வாழைப்பழம் எடுத்து வைத்து, ஒரு கட்டுக் கரும்பையும் ஆள் தலையில் ஏற்றிக்கொண்டு பக்கத்து நிலத்துக்காரர் வீட்டுக்குப் போவாள். முப்பது வருடமாக இது நடந்தது. ஒரே ஒரு வருடம் நடக்கவில்லை. அந்த வருடம் பொறுப்பு என்னிடம் இருந்தது.

அக்காவின் இரண்டரை ஏக்கர் வடக்கனந்தலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. தார் ரோட்டுக்கும் அதற்கும் நடுவில் அந்தப் பக்கத்து நிலத்துக்காரருடைய நிலம். அவருடைய கிழக்கு வரப்பை ஒட்டி ஒரு வண்டிப்பாதை. முதலில் மாட்டு வண்டி போனது, பிறகு டிராக்டர் டிப்பர் போனது. அதை விட்டால் அக்கா நிலத்துக்கு ஆள் போகலாம், ஆடு போகலாம், கரும்பு வெளியே வர முடியாது. அவர் எங்களுக்கு ரத்த உறவு இல்லை, ஊர் முறையில் மாமா.

போன வருடம் அக்காவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. என்னைக் கூப்பிட்டு, தட்டை நீ கொண்டுபோய்க் கொடு என்றாள். நான் கள்ளக்குறிச்சியில் இருக்கிறேன், ஆயுள் காப்பீட்டு முகவர். மனிதர்கள் சாகப்போவதைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசுவது என் தொழில். அன்று வேறு ஒருவரிடம் அப்படிப் பேச வேண்டியிருந்தது. அதனால் வண்டியை ஓரமாக நிறுத்தி போன் போட்டேன். "மாமா, நாளைக்கு வண்டி வருதுங்க, பாத்துக்கோங்க" என்றேன். அவர் "ம்" என்றார். ஒரு வேலையை அரை நிமிடத்தில் முடித்த திருப்தியோடு நான் அடுத்த ஆளின் ஆயுளைக் கணக்கிடப் போனேன்.

அந்த வருடம் கரும்பு ஒழுங்காகப் போயிற்று. கடைசி லோடு போன மறுநாள், பாதையின் வாயில் வேலிக்காத்தான் முள் வெட்டிப் போடப்பட்டிருந்தது. பத்து நாளில் முள்ளுக்குப் பின்னால் கல்லுக்கால் நட்டு, கம்பியும் கட்டியாகிவிட்டது. ஊரில் நாலு பேர் பேசிப் பார்த்தார்கள். "தகவல் சொல்றதுக்கு நான் இன்னா ரோட்டு செக்போஸ்ட்டா?" என்று அவர் கேட்டதாக எனக்குச் சொன்னார்கள். 

இப்படித்தான் அக்கா வாதியானாள். பாதையில் போக உரிமை உண்டு என்று அறிவிக்கவும் தடுக்கக் கூடாது என்று உத்தரவிடவும் கேட்டு, கள்ளக்குறிச்சி முன்சீப் கோர்ட்டில் வழக்கு. வெட்டிய கட்டை துளிர்த்து அடுத்த கரும்பு வளர்ந்துகொண்டிருந்தது. தை, மாசிக்குள் ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிடும். வண்டி உள்ளே வராது, ரோடுவரை தலைச்சுமைதான் என்றால் வெட்டும் ஆட்கள் வரவே மாட்டார்கள். வெட்டாமல் நின்றால் பூத்து, உள்ளே சாறு வற்றி நெட்டியாகும். வெட்டிப் போட்டு வைத்தால் காயும். கோர்ட்டு தன் நடையில் நடக்கும், கரும்பு தன் நடையில் முற்றும். அக்காவின் கவலை அது ஒன்றுதான்.

எனக்கு வந்தது கவலை இல்லை, ஆர்வம். இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் பொடி எழுத்தை முதலில் படிக்கிற வியாதி எனக்கு உண்டு. மாமா கோர்ட்டில் கொடுத்த பதிலான எதிருரை வந்ததும் நான் அதை மூன்று முறை படித்தேன். எங்கள் வக்கீல் ஒரு முறை படித்தார், அதுவும் நாலாவது பாரா வரைக்கும்.

நாலாவது பாராவில், "வாதியின் குடும்பத்தார் முப்பது வருடத்துக்கு மேலாக இந்தப் பாதையில் வண்டி ஓட்டிப் போய் வந்தது உண்மையே" என்று இருந்தது. வக்கீல் வறுத்த வேர்க்கடலையின் தோலை ஊதிவிட்டு, கேஸ் முடிந்த மாதிரிதான் என்றார். அவர் விளக்கியது இது: வழக்கு என்றால் சாட்சி, குறுக்கு விசாரணை என்று எல்லாம் இருக்கத்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நடந்தது என்ன என்பதில் சண்டை இருந்தால்தான் விசாரணை. எதிர்த் தரப்பே ஒப்புக்கொண்டுவிட்டால் விசாரிக்க என்ன இருக்கிறது? ஒப்புதலைக் காட்டி ஒரு மனுப் போட்டால் நீதிபதி நேராகத் தீர்ப்பே சொல்லலாம். வருடக்கணக்கான வேலை வாரக்கணக்கில் முடியும்.

நான் அசந்துபோனேன். சட்டத்துக்குள் இப்படி ஒரு குறுக்குப் பாதை இருப்பது எனக்குத் தெரியாது. பாதைக்காகப் போட்ட வழக்கு என்பதால் பொருத்தமாகவும் பட்டது. ஆனால் ஐந்தாவது பாராவையும் நான் படித்திருந்தேன். அதில், "ஆனால் ஒவ்வொரு வருடமும் வாதி வெற்றிலைத் தட்டோடு வந்து அனுமதி கேட்பார், பிரதிவாதி போய்ட்டு வா என்று சொன்ன பிறகே வண்டி வரும்" என்று இருந்தது.

அதைக் காட்டினேன். அது வேறு பாரா என்றார் வக்கீல்.

மனுப் போட்டோம். எதிர்த் தரப்பு வக்கீல் பதில் மனுவில், ஒப்புதல் என்றால் முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டும், பாதியைக் கடித்துவிட்டு மீதியைத் துப்பக் கூடாது என்ற பொருளில் நாலு பக்கம் எழுதியிருந்தார். அப்போதுதான் எங்கள் வக்கீல் ஐந்தாவது பாராவுக்கு வந்து சேர்ந்தார். பிறகு எனக்கு ஒரு விஷயம் சொன்னார், அதைக் கேட்ட நாளில் நான் தூங்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல், வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையாகப் போய் வந்தால் அந்தப் பாதையில் உரிமை வரும். அனுமதி கேட்டுப் போய் வந்தால், முப்பது வருடம் அல்ல, முன்னூறு வருடம் போனாலும் வராது.

அதாவது, அக்கா முப்பது வருடம் மரியாதையாக நடந்துகொண்டதுதான் எங்கள் வழக்கில் பெரிய ஓட்டை. நான் ஒரு வருடம் மரியாதை கெட்டு நடந்துகொண்டதுதான் எங்களிடம் இருக்கும் ஒரே நல்ல சாட்சியம். வக்கீல் என் கையைப் பிடித்து, "போன்ல கேக்கல சார் நீங்க, சொன்னீங்க. அருமையான பாயிண்டு" என்றார். என் வாழ்நாளில் என் சோம்பேறித்தனத்தை ஒருவர் இவ்வளவு மதித்தது அதுதான் முதல் முறை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கேள்வி: அந்தத் தட்டு எதற்கு? கேட்பதற்கா, மரியாதைக்கா? பிரீமியம் வாங்கப் போன இடத்திலெல்லாம் கேட்டேன். எலவனாசூர்கோட்டையில் பழைய கிராமக் கணக்குகள் தெரிந்த ஒரு பெரியவர், வெற்றிலை வைத்தால் கேட்பது, வெறும் கரும்பு கொடுத்தால் உறவு என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்றேன். அப்படியானால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றார். வெள்ளிமலைக்குப் பஸ்ஸில் போனபோது, அங்கே சாமை விதைத்திருந்த ஒரு பாலிசிதாரரிடம் கேட்டேன். அடுத்தவர் கொல்லை வழியாகப் போகிற ஒற்றையடிப் பாதையை யாரும் கேட்டுப் போவதில்லை, பாதை இருக்கிறது, போகிறோம் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, சாமை நிற்கிற மாதத்தில் மட்டும் குரல் கொடுத்துவிட்டுப் போவோம் என்றார். குரல் கொடுப்பது கேட்பதா, சொல்வதா என்று நான் துளைத்தேன். அவர் என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரித்தார். மலை இறங்கும் வழியெல்லாம், கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு நான் கட்சி மாறிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்று இருந்தேன். கேட்காமலே பதில் வந்தது. "போன வருஷம் நீங்க எடுத்துக்கினு போயிருந்தா, தட்டு எதுக்குன்னு யாரும் கேட்டிருக்க மாட்டாங்க" என்றாள் என் மனைவி.

பதில் மனுவுக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. வக்கீல் ஒரு பிரமாண வாக்குமூலம் தயாரித்து வைத்திருந்தார். தட்டு பொங்கல் சீர், அதற்கும் பாதைக்கும் சம்பந்தமே இல்லை, அனுமதி என்ற பேச்சே எழுந்ததில்லை என்று அதில் இருந்தது. கையெழுத்துக்காக அக்காவை அழைத்துப் போனேன். அவள் பேனாவை வாங்கவில்லை. முதலில் படி என்றாள். நான் படித்தேன்.

"இன்னாடா இது? கேக்கலைன்னு போட்டுக்குது?"

"கேட்டியாக்கா?"

"கேக்காம ஒருத்தர் கொல்லையில வண்டிய வுடறதுக்கு நாம இன்னா அறுத்துக்கினு வந்த மாடா? வண்டி வரட்டுங்களா மாமான்னுதான் கேப்பேன்."

வக்கீல் வேர்க்கடலைப் பொட்டலத்தை மடித்து மேசைக்குள் வைத்துவிட்டார். அந்த அறையில் வழக்கு செத்துப்போன சத்தம் எனக்குக் கேட்டது. ஏதாவது கேட்க வேண்டுமே என்று, மாமா அதற்கு என்ன சொல்வார் என்று கேட்டேன்.

"இது இன்னாம்மா புதுசா, ஒன் பாதைதானேன்னுவாரு. வருஷா வருஷம் அதையேதான் சொல்லுவாரு."

வக்கீல் நிமிர்ந்தார். பொட்டலம் வெளியே வந்தது. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து, வந்த வேகத்திலேயே பாதி அணைந்தது. அக்கா கேட்டாள் என்பது அவர்களுக்குச் சாதகம். உன் பாதைதானே என்று அவர் சொன்னார் என்பது நமக்குச் சாதகம். ஆனால் அவர் போய்ட்டு வா என்று சொன்னதாக அல்லவா எழுதிக் கொடுத்திருக்கிறார்? அந்த நேரத்தில் அங்கே இருந்தவர்கள் இரண்டே பேர், ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கரும்பு தூக்கி வந்த ஆள் வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவாராம்.

அக்கா சொன்னதை அப்படியே எழுதினால் குறுக்குப் பாதை அடைபட்டுப்போகும், விசாரணை வந்துவிடும் என்று வக்கீல் விளக்கினார். எழுதாவிட்டால் ஒருவேளை நீதிபதி தீர்ப்பே சொல்லிவிடலாம். அக்காவின் கரும்பு நிற்பது வக்கீலுக்கும் தெரியும், அவர் கெட்டவர் இல்லை. அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நடந்ததை எழுதுங்க என்றாள். குமாஸ்தா திருத்தி அடித்துக் கொடுத்ததில் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான், ஆலைக்காரர் வெட்டு உத்தரவு அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டார் என்றாள். அதை உள்ளேயே சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னால் அந்த வக்கீல் மனுஷன் பழையபடி மாற்றி எழுதியிருப்பார் என்றாள்.

அதே வாரத்தில் மனு விசாரணைக்கு வந்த நாளில் கோர்ட்டு ஹாலில் மாமா எனக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அவர் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்சீப் என்னுடைய பழைய பாலிசிகளைவிட வயது குறைந்த ஒரு பெண். இரண்டு வக்கீல்களும் பேசி முடிக்கும்வரை கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். நாலாவது பாராவை எங்கள் வக்கீல் படித்தார், ஐந்தாவது பாராவை அவர்கள் வக்கீல் படித்தார். ஒரே காகிதம்தான்.

முன்சீப் சொன்னது எனக்கு ஏறக்குறைய அப்படியே நினைவிருக்கிறது. "போனாங்க, வந்தாங்கன்றதுல ரெண்டு பேருக்கும் சண்டை இல்ல. எப்படிப் போனாங்கன்றதுல இருக்கு. உன் பாதைதானேன்னு சொன்னாருன்றாங்க. போய்ட்டு வான்னு சொன்னேன்றாரு. எது நடந்ததுன்னு பேப்பரப் பாத்து எனக்கு எப்படித் தெரியும்? கூண்டுல ஏறட்டும், கேக்கறேன்."

மனு தள்ளுபடி. எனக்கு விசித்திரமாக இருந்தது என்னவென்றால், தோற்ற மாதிரி தோன்றவில்லை. மலை ஏறி இறங்கி நான் மூன்று மாதமாகத் தேடிய பதிலைத் தேடாமலே, தனக்குத் தெரியாது என்று ஒருவர் நிதானமாகச் சொல்கிறார். தெரியாது என்று சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது, அதற்கு உத்தரவு நகலும் கிடைக்கும் என்பது எனக்குப் புதிது. பெரிய மனதோடு இதை ரசித்துக்கொண்டிருந்தபோது அக்காவைப் பார்த்தேன். அவள் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். ரசனை நின்றுவிட்டது.

எங்கள் வக்கீல் விடவில்லை. விசாரணை எப்போது வேண்டுமானாலும் நடக்கட்டும், கரும்பு நிற்கிறது, பாதையை இப்போதைக்குத் திறந்துவிடக் கேட்ட இடைக்கால மனுவும் நிலுவையில் இருக்கிறது என்றார். அவர்கள் வக்கீல் எழுந்து கடுமையாக ஆட்சேபித்தார். முன்சீப் வெட்டு எப்போது என்று கேட்டார். அக்கா எழுந்து, அடுத்த வாரங்க என்றாள்.  அப்போது முன் வரிசையிலிருந்து மாமா எழுந்தார். அவருடைய வக்கீல் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். மாமா அந்தக் கையைப் பார்க்கவில்லை.

"கரும்பு காயக் கூடாதுங்கம்மா" என்றார். "அதுக்கு நான் ஆளு இல்ல."

இந்தப் பருவத்துக்கு மட்டும், கரும்பு வண்டி மட்டும், இரு தரப்பு உரிமைக்கும் பாதகமில்லாமல் பாதையைத் திறந்துவிடுவது என்று முன்சீப் பதிவு செய்தார். பாதகமில்லாமல் என்றால், இப்போது வண்டி போவதை வைத்து நாளைக்கு யாரும் எதையும் நிரூபித்ததாகச் சொல்ல முடியாது. என் தொழிலில் இருபத்தெட்டு வருடம் இப்படி ஒரு வரியைத் தேடியிருக்கிறேன்.

வராந்தாவில் வக்கீல் அக்காவிடம் ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார். "தட்டு கிட்டு எடுத்துக்கினு போயிடாதீங்கம்மா. போனீங்கன்னா, அத போட்டோ புடிச்சு கோர்ட்டுல குடுத்துடுவாங்க."  பிற்பாடு தெரிந்தது, அவர்கள் வக்கீலும் மாமாவிடம், வண்டி போகும் நாளில் அந்தப் பக்கமே போகாதீர்கள், போனாலும் வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார்.

வெட்டு நாளன்று நான் லீவு போட்டேன் என்று சொல்ல முடியாது, என் தொழிலில் லீவு கிடையாது. போய்விட்டேன். காலையில் முள்ளும் கம்பியும் எடுக்கப்பட்டிருந்தன, கல்லுக்கால் மட்டும் நின்றது. அக்கா வெறுங்கையோடு பாதையின் வாயில் நின்றாள். முப்பது வருடத்தில் முதல் முறை அவள் அப்படி நிற்கிறாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். மாமா தன் வரப்பின் மேல் நின்றார். நல்ல வெள்ளை வேட்டி. என் கண்ணுக்கு அவர் வரப்பைக் காவல் காக்க வந்த மாதிரியும் இருந்தது, வேறு எதற்கோ வந்த மாதிரியும் இருந்தது. சட்டத்துக்குப் பயந்து இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

முதல் லோடு ஏற்றிய டிப்பர் பாதையில் பாதி தூரம் வந்ததும் பின் சக்கரம் இறங்கிவிட்டது. ஒரு வருடமாக வண்டி ஓடாத மண் பொதபொதத்துக் கிடந்தது, மாமாவின் நெல்வயல் தண்ணீர் வேறு கசிந்திருந்தது. டிரைவர் முறுக்கினார், சக்கரம் சுற்றிச் சேற்றைத்தான் வாரியது. இன்னும் ஒரு சாண் இறங்கினால் இறக்கி ஏற்ற வேண்டும், ஆட்கள் அடுத்த கொல்லைக்குப் போய்விடுவார்கள். வண்டி அவருடைய வரப்புப் பக்கம் சாய ஆரம்பித்தது. நான் செய்யக் கூடியது ஒன்றும் இல்லை என்பதால் தீவிரமாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாரோ என்னைத் தோளால் ஒதுக்கினார்கள். மாமா. கை நிறையக் கரும்பின் காய்ந்த இலை, சோகை. சக்கரத்துக்கு அடியில் திணித்தார், திரும்பிப் போனார், இன்னொரு கட்டு கொண்டு வந்தார். அக்கா எதிர்ப் பக்கத்திலிருந்து சோகையை இழுத்து இழுத்துத் தள்ளினாள். வெட்டும் ஆட்கள் நாலு பேர் தோள் கொடுத்தார்கள். அவர் கை நீட்டிய இடத்தில் அக்கா போட்டாள், அக்கா கண் காட்டிய இடத்தில் அவர் மிதித்தார். ஒரு வார்த்தை இல்லை. மூன்றாவது முறுக்கில் வண்டி ஏறி ரோட்டுக்குப் போனது. அவர் வாய்க்காலில் காலைக் கழுவி, வரப்பின் மேல் இருந்த செருப்பைப் போட்டுக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தார்.

அன்று மாலைக்குள் பாதி வயல் வெளியேறியது. மீதியும் அந்த வாரத்திலேயே ஆலைக்குப் போய்விட்டது.

விசாரணை இன்னும் வரவில்லை. எங்கள் தரப்புச் சாட்சிப் பட்டியலில் நான் இருக்கிறேன். பார்த்ததையும் செய்ததையும் எழுதித் தரச் சொல்லி வக்கீல் கேட்டிருக்கிறார். அக்கா வீட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். போன் போட்டதை எழுதினேன், அவர் "ம்" என்றதை எழுதினேன். சோகை போட்டதை எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. பாதகமில்லாமல் என்று உத்தரவு இருக்கும்போது அது எந்தப் பாராவில் சேரும் என்றும் புரியவில்லை. அக்காவிடம் கேட்டேன்.

அவள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். "எழுது. சேத்துல எறங்கறதுக்கு முன்ன அவரு செருப்பக் கழட்டி வரப்பு மேல வெச்சாரு. அதையும் எழுது."

"சேறுன்னு கழட்டினாரு, மரியாதைக்கு இல்லன்னு அவங்க வக்கீல் சொல்லுவாரேக்கா."

"அத அவரு கேக்கட்டும். நீ பாத்தத எழுது."